கூட ஒரு திருப்பு

மேல வா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மேல வந்துட்டுப் போயிரு, அப்புறம் உன்னைத் தொந்தரவே பண்ண மாட்டேன். வரலை. சனியன். இடது கால் கட்டைவிரலைத்தான் சொல்றேன். கம்பளிக்கு வெளிய தலையை நீட்டிக்கிட்டு என்னைப் பாத்துக்கிட்டே படுத்துக்கெடக்கு. நெகம் இருக்கு, நெகத்துக்கடியில அழுக்குகூட இருக்கு, எல்லாம் என்னோடதுதான், ஆனா நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது. கீழ அமுக்குன்னா அமுக்குது. மேல தூக்குன்னா யாரோ யாருக்கோ சொன்ன மாதிரி சும்மா இருக்கு. வலதைப் பாரு, அது தங்கம், சொன்னவுடனே தூக்குது. நாலு நாளா இப்படி. முதல் நாள் குளிர்னு நெனச்சேன், இந்த டெல்லிப் பக்கத்துக் குளிர்ல எதுதான் விறைக்கலை, மூக்கு விறைக்குது, தேங்காய் எண்ணெய் பாட்டில்ல கல்லாக் கெடக்கு. ரெண்டாம் நாள் மரத்துப்போச்சுன்னு நெனச்சேன். மூணாம் நாள் எதையும் நெனைக்காம கம்பளியை இழுத்து மூடிக்கிட்டேன். நேத்து அக்கா காலுக்கு சாக்ஸ் மாட்டிவிடும்போது, "விரலைத் தூக்குடா சாமி, உள்ள நுழைய மாட்டேங்குது"ன்னா. தூக்கிட்டேன்க்கான்னேன். அவ கையை எடுக்காம அப்படியே இருந்தா. "எங்கடா தூக்கின?"ன்னா. அவ்வளவுதான், விடிஞ்சதும் சக்கர நாற்காலியில உக்காரவச்சு, ரோட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு வந்துட்டா. எட்டரைக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சு. டோக்கன் நாப்பத்தொண்ணு, இப்ப உள்ள போயிருக்கறது இருவத்தாறு. சக்கர நாற்காலியைச் செவுத்தோரமா நிப்பாட்டிட்டு அக்கா படம் வாங்கப் போயிருக்கா. அவளுக்குத் தெரிஞ்ச இந்தி மூணே வார்த்தை, தண்ணி, எவ்வளவு, அண்ணே. அதை வச்சே ஒண்ணரை மாசமா இந்த ஊர்ல குடித்தனம் நடத்துறா. படத்தை வாங்கிட்டு வந்துருவா. வராம இருந்தாக்கூட நல்லதுதான். அந்தப் படத்துல எல்லாம் தெரிஞ்சுரும்.

என்ன தெரியும்? தெரியாது, நாலு மில்லி யாருக்குத் தெரியும். எங்க ஜவுளிக்கடையில சட்டைத்துணி கிழிக்கும்போது நாலு மில்லி அப்படி இப்படிப் போறதை யாரும் கேட்டதில்லை. ஆனா எலும்பை வெட்டுறவனுக்குத் தெரியுமே. ரெண்டு முழங்காலுக்குக் கீழயும் எலும்பை வெட்டி, சுத்தி இந்தக் கம்பிக்கூண்டை மாட்டி, கூண்டுல இருந்து ஊசி ஊசியா எலும்புக்குள்ள இறக்கி, நட்டைத் திருப்பத் திருப்ப வெட்டின இடம் கொஞ்சங்கொஞ்சமா விரியும், விரிஞ்ச சந்துல புது எலும்பு வளரும். ஒரு திருப்புக்குக் கால் மில்லி. காலையில ஆறு, பதினொண்ணு, சாயங்காலம் நாலு, ராத்திரி ஒன்பது. நாலு திருப்பு, ஒரு மில்லி. எழுபத்தஞ்சு நாள்ல மூணு அங்குலம். அஞ்சடிக்காரன் அஞ்சே காலடி. நர்ஸ் லிஸி சிஸ்டர் மலையாளத் தமிழ்ல எத்தனை தடவை சொல்லிக்கொடுத்துச்சு, "நாலு திருப்பு, கேட்டோ? அஞ்சு கூடாது. ஞரம்பு ரப்பர் அல்ல." கேட்டேனே. நல்லாத்தான் கேட்டேன். வெளிநாட்டுல கூண்டே கிடையாதாம், எலும்புக்குள்ளயே கம்பி, ரிமோட்டை அமுக்கினா அதுவா நீளுமாம், அதுக்கு எங்க தெருவையே விக்கணும். சென்னையில கேட்டதுக்கு வீட்டை விக்கணும். இங்க அப்பா விட்டுட்டுப்போன ரெண்டு சென்டு இடத்தை வித்தாப் போதும். "சார், அதே கம்பி, அதே படிப்பு, காசு மட்டும் பாதி, நீங்க ரயில் ஏறுங்க சார், மத்தது எம்பாடு"ன்னான் மதுரை ஏஜெண்டு. என்னா தேனா பேசுனான். ஆபரேஷன், மருந்து, ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல அடுப்போட ஒரு ரூம், எல்லாம் ஒரே பேக்கேஜ். ரூம் அறுபது நாளைக்குத்தான்னு அடியில பொடி எழுத்துல இருந்தது, அதை ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு காலையும் நீட்டிப் படுத்துக்கிட்டுத்தான் படிச்சேன். எழுபத்தஞ்சு நாள் திருப்பணும், ரூம் அறுபது நாள். போனைப் போட்டா, "எல்லாரும் மேல காசு கட்டி இருக்கத்தான் சார் செய்றாங்க"ங்கறான். எடுபட்ட பய.

அங்கதான் புத்தி கோணலாப் போச்சு. அறுபது நாளுக்குள்ள முடிச்சா என்னன்னு தோணுச்சு. தோணினதோட விட்டிருக்கலாம். அன்னைக்கு அக்கா வீட்டுக்காரரு, எங்க மாமா, போன்ல அவகிட்டக் கத்தினது ஸ்பீக்கர் போடாமலே கேட்டுச்சு, "நம்ம புள்ள யாழினிக்கு மார்ச்சுல பப்ளிக் எக்ஸாம், நான் மில்லுக்குப் போவேனா சோத்தைப் பொங்குவேனா, உன் தம்பி காலை நீட்டுறான்னு நாங்க இங்க வாயைக் கட்டணுமா?" அக்கா போனை வச்சுட்டு என் கால்ல ஊசிக்குத்து இருக்கற இடமெல்லாம் மருந்து தொட்டுத் தொடச்சுக்கிட்டே இருந்தா. ஏதாவது சொல்லியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்திட்டு அழுதிருப்பேன், சரியாப் போயிருக்கும். மறுநாள் காலையில அவ குளிக்கப் போனா. பக்கெட்டுல கரண்டுக் கம்பி போட்டுத் தண்ணி சுடவச்சு அவ குளிச்சுட்டு வர இருவது நிமிஷமாகும். தலைமாட்டுல ஸ்பேனர் இருந்தது. கால் மில்லிதானே. ஒரு நூல் கனம். திருப்பினேன், இடது கால்ல நாலு நட்டு, வலது கால்ல நாலு நட்டு, வலிக்கவே இல்லை. வலிச்சிருந்தா நிறுத்தியிருப்பேன், சத்தியமா நிறுத்தியிருப்பேன். அப்புறம் தெனமும். தெனம் நாலு திருப்புக்கும் கோடு போடற நோட்டு அக்காவோடது, யாழினியோட பழைய கணக்கு நோட்டு, அதுல என் திருப்பு ஏறாது. பதினாறு நாள். பதினாறு கால், நாலு மில்லி. நாலே மில்லிக்கு ஒரு நரம்பு செத்துப்போகுமா? போகாது. வேற ஏதோ. படுத்தே கெடக்கறதால இருக்கும். இல்லை, போகும். லிஸி சொல்லுச்சே. சொல்லிரணும். உள்ள போனதும் டாக்டர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி சொல்லிரணும், நாந்தான் சார், கூட ஒரு திருப்பு திருப்பிட்டேன் சார், பதினாறு நாள் சார். தமிழ்ல சொன்னா லிஸி இந்தியில சொல்லும். வெக்கமா இருந்தாலும் இருக்கட்டும். டாக்டருக்கு உண்மை தெரிஞ்சாத்தானே வைத்தியம் பாப்பாரு. டோக்கன் முப்பது. மேல வா. வா சாமி. வரலை.

எனக்கு எதுக்கு இந்தக் கொழுப்பு? அஞ்சடியில என்ன குறைஞ்சுபோச்சு? ஜவுளிக்கடையில பதிமூணு வருஷம் நின்னவன். மேல் தட்டுல இருக்கற பீஸை எடுக்க முதலாளி ஒரு ஸ்டூல் செஞ்சு கொடுத்தாரு, தேக்கு ஸ்டூல், நல்ல மனசோடதான் கொடுத்தாரு. அன்னையில இருந்து எனக்குப் பேரே ஸ்டூலு. "ஸ்டூலு, அந்த மயில்கழுத்துக் கலரை எடு." கோட்டைச்சாமின்னு ஆதார் கார்டுல மட்டும்தான் இருக்கு. கேலிக்கெல்லாம் நான் அசரலை. குள்ளக்கத்திரிக்கான்னு ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து கேட்ட காது இது. அந்தப் பொண்ணுதான் என்னைக் கவுத்துச்சு. ஏழாவதாப் பாத்த பொண்ணு, பாலவநத்தத்துல. சேந்து நில்லுங்க ஒரு போட்டோ எடுப்போம்னாரு அவங்க சித்தப்பா. நின்னோம். பொண்ணு என்னைவிட நாலு விரக்கடை உசரம். அது என்ன பண்ணுச்சு தெரியுமா, சேலைக்குள்ள மெதுவா முழங்காலை மடக்கிச்சு. எனக்குச் சரியா வர்ற மாதிரி. போட்டோ எடுத்து முடியுற வரைக்கும் அப்படியே நின்னுச்சு பாவம், காலு கடுத்திருக்கும். சிரிச்சிருந்தா வந்துட்டுப் போயிருப்பேன். மடக்குனதைத்தான் தாங்க முடியலை. அன்னைக்கு ராத்திரியே ஏஜெண்டுக்குப் போனைப் போட்டேன். அக்காகிட்டச் சொன்னப்ப திட்டுவான்னு பாத்தேன். இடத்துல அவளுக்கும் பாதி இருக்கு. எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் கேட்டா. அவ எப்பவும் இப்படித்தான். நான் ஆறாவது படிக்கையில தொங்கினா வளரலாம்னு எவனோ சொன்னான், ஸ்கூல் கிரவுண்டு பார் கம்பியில நான் தொங்குவேன், அவ கீழ நின்னு ரெண்டு காலையும் பிடிச்சு இழுப்பா. இழுக்கா, இன்னும் இழுக்கான்னு கத்துவேன். கை தோலெல்லாம் உரிஞ்சுபோகும். வீட்டுக்கு வந்ததும் நிலைக்கதவுல நிக்கவச்சு தலைமேல ஸ்கேலை வச்சுப் பென்சில்ல கோடு போடுவா. ஸ்கேலோட கதவுப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பா. அரை விரக்கடை கூட்டித்தான் போடுவா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வளந்துட்டேன்னு குதிப்பேன். அவளும் கைதட்டுவா.

வந்துட்டா. கையில பெரிய கவரு. ஸ்வெட்டருக்கு மேல மாமாவோட பழைய சட்டை, தலையில துண்டு, இந்த ஊர்க்காரவுக அவளை வேலைக்காரின்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காக. "டீ குடிக்கிறியாடா?"ன்னா. வேண்டாம்னேன். "படத்தைப் பிரிச்சுப் பாத்தேன், ஒண்ணும் புரியலை. எலும்பு ரெண்டும் ரொம்பத் தள்ளித் தள்ளி இருக்கற மாதிரி இருக்கு"ன்னா. அப்படித்தான்க்கா இருக்கும், அதுக்குத்தானே காசு கொடுத்தோம்னேன். நக்கலாச் சொல்லணும்னு சொன்னேன், கோவமா வந்துருச்சு. அவ என் காலடியில குத்தவச்சு உக்காந்து சாக்ஸை உருவிக் கட்டைவிரலை ரெண்டு கையிலயும் பொத்திக்கிட்டா. அவ கை சூடா இருக்கு. அது தெரியுது. சூடு தெரியுது, ஆனா மேல் பக்கம் பஞ்சு சுத்தின மாதிரி இருக்கு. "இப்ப தூக்கு." தூக்கறேன்க்கா. "தூக்குடா." தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். "சாமி, தூக்குடா, விளையாடாதடா." விளையாடுறேனா நான். அவ முகத்தைப் பாரு, இத்தனை பயம் இவளுக்கு எதுக்கு, காலு எனக்குல்ல போயிருக்கு. போயிருச்சுன்னு நானே சொல்லிட்டேனா? போகலை. போகலை. இந்தக் காலை இழுத்துக்கிட்டு ஜவுளிக்கடையில எப்படி நிக்கறது, ஸ்டூல்ல எப்படி ஏறுறது. உசரமும் ஆகாம, நடக்கவும் ஆகாம ஊர்ல போய் இறங்கினா என்ன சொல்லுவானுக. கம்பெனி டிரெயினிங்குன்னு சொல்லிட்டு வந்துருக்கேன். எந்த ஜவுளிக்கடைக்காரனை எந்தக் கம்பெனி டெல்லிப் பக்கம் டிரெயினிங்குக்குக் கூப்பிடும், அதைக்கூட யோசிக்காம நம்புன ஊரு. இப்பவே சொல்லிருவோமா இவகிட்ட? அக்கா, நீ குளிக்கப் போனப்ப. வேண்டாம், அழுவா. உள்ள போய் டாக்டர்கிட்டச் சொல்லும்போது அவளும் கேட்டுக்கட்டும். நாப்பத்தொண்ணுன்னு கூப்புட்டாக. இந்தியில நம்பர் மட்டும் எனக்குப் புரியும்.

டாக்டர் படத்தை வெளிச்சத்துல மாட்டினாரு. ஸ்கேலை வச்சாரு. எடுத்தாரு, திரும்ப வச்சாரு. என் கட்டைவிரலைத் தொட்டு என்னவோ சொன்னாரு, புறங்கால்ல பேனா முனையால கீறினாரு, கீறினது எங்கயோ பக்கத்து ரூம்ல கீறின மாதிரி இருந்தது. சொல்லு. இப்பச் சொல்லு. அவரு பேனாவை மூடட்டும், சொல்லிருவோம். அதுக்குள்ள லிஸி சிஸ்டர் முந்திக்கிச்சு. "திருப்பத் தொடங்கி நாப்பது நாளாச்சு. நாப்பது மில்லி வேணும். இது அம்பது உண்டு. ரெண்டு காலிலயும். புது எலும்பு ஒண்ணும் காணல்ல, வளர நேரம் கொடுக்கல்ல. டாக்டர் கேக்குறாரு, தினம் எத்தனை திருப்பு?" அம்பதா? அம்பது எப்படி? நாப்பத்தி நாலு. என் கணக்குக்கு நாப்பத்தி நாலுதானே வரணும். பதினாறு கால் நாலு. மறுபடி போட்டேன், நாலுதான். மிச்சம் ஆறு எங்கேருந்து வந்தது? ஸ்கேலு தப்பா? படம் வேற யாரோடதா? தூக்கத்துல நானே எந்திரிச்சுத் திருப்பினேனா? மாத்திரை போட்டா நான்தான் கட்டை மாதிரிக் கெடப்பேனே. அக்கா கையில கணக்கு நோட்டு இருந்தது. அதை டாக்டர் மேசையில வச்சா. வச்சுட்டுத் தரையில உக்காந்துட்டா. உக்காந்தாளா விழுந்தாளான்னு தெரியலை. "நாந்தாம்மா, நாந்தான் பாவி. ராத்திரி மாத்திரை போட்டு அவன் அசந்ததும் கூட ஒண்ணு திருப்பிவிட்டேன். நோட்டுல போடலை. அவன் முகத்தைப் பாத்துக்கிட்டேதான் திருப்பினேன், முழிக்கலை, முனகக்கூட இல்லை. கால் மில்லிதானேன்னு நெனச்சுட்டேன்மா. சீக்கிரம் முடிஞ்சா எம்பிள்ளைகிட்டப் போயிரலாம்னு. இவனும் எப்பக்கா முடியும் எப்பக்கா முடியும்னு கேட்டுக்கிட்டே இருந்தான். இருவத்தி நாலு நாளு." தலையில அடிச்சுக்கிட்டா. லிஸி அவ கையைப் பிடிச்சு நிறுத்துச்சு. கால் மில்லிதானே. அதே வார்த்தை. அவளும் அதே வார்த்தையை நெனச்சுக்கிட்டு, நான் தூங்கையில, நட்டு நட்டா. இருவத்தி நாலு கால் ஆறு. கணக்கு சரியாப் போச்சு. சொல்லுடா கோட்டைச்சாமி, இப்பயாவது சொல்லுடா. லிஸி பேனாவை வச்சுக்கிட்டு என்னைப் பாத்துச்சு. "சேச்சி சொன்னது ஆறு மில்லிதான் ஆகும். கூடுதல் பத்து உண்டு. நீங்களும் திருப்பினீங்களோ?" எல்லாரும் என்னைப் பாத்தாக. டாக்டர் பாத்தாரு. அக்கா தரையில இருந்து கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் பாத்தா. "இல்ல சிஸ்டர். எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னேன். என் வாய்தான் சொல்லுச்சு. விரல் மாதிரி அதுவும் நான் சொன்னதைக் கேக்கலைன்னு சொல்லிக்கலாம். பொய். வாய் நான் சொன்னதைத்தான் கேட்டுச்சு. அப்ப அக்கா, "இவனைக் கேக்காதீகம்மா, இவனுக்கு என்ன தெரியும். நான்தான் எண்ணினதுல தப்பா இருக்கும். எனக்குக் கணக்கு வராது. நாப்பது நாளும் திருப்பியிருப்பேன் போல, நாப்பது நாளும்னே எழுதிக்கங்க"ன்னா. லிஸி எழுதிக்கிச்சு.

இனிமே நீட்ட வேண்டாமாம். ஒரு வாரத்துக்குத் திருப்பித் திருப்பு, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, எதிர்ப்பக்கமா, நரம்புக்குக் கொஞ்சம் ஆசுவாசம் கெடைக்கட்டும். மூணு மாசத்துல விரல் வரலாம், ஒரு வருஷத்துல வரலாம், வராமலும் போகலாம். வராட்டி பாதத்தைத் தாங்க பிளாஸ்டிக்குல ஒரு செருப்பு மாதிரி செஞ்சு தருவாகளாம், அது பேக்கேஜ்ல வராது. இதையெல்லாம் லிஸி பக்கத்துல நின்னு மெதுவாச் சொல்லுச்சு, அக்காவைப் பாக்காமச் சொல்லுச்சு. வெளிய பனி இன்னும் விலகலை. அக்கா நாற்காலியைத் தள்ளிக்கிட்டே ரோட்டைத் தாண்டினா, ரெண்டு பக்கமும் கையை நீட்டி வண்டியை நிறுத்தி, அண்ணே அண்ணேன்னு அவளோட இந்தியில கெஞ்சி. சொல்லிரலாம். ரூமுக்குப் போனதும் சொல்லிரலாம். இன்னைக்கு வேண்டாம், அவ இன்னும் அழுதுக்கிட்டிருக்கா. நாளைக்கு. ஊருக்குப் போய். சொல்ல மாட்டேன், எனக்கே தெரியும். மாமா கேப்பாரு, இவ நான்தாங்கன்னு சொல்லுவா, யாழினி கேக்கும், அதுக்கும் சொல்லுவா, நான் பக்கத்துலயே காலை இழுத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அவளுக்கும் வீட்டுக்குப் போகணும்னுதானே திருப்பினா, எனக்காக மட்டுமான்னு ஒரு எண்ணம் வேற வருது. வருதே, சீ. ரூமுக்கு வந்து படுத்தேன், நாலு மணி ஆச்சு. அக்கா போன்ல அலாரம் அடிச்சுச்சு, நாப்பது நாளா அடிக்கிற அதே சத்தம். அவ என் தலைமாட்டுல இருந்த ஸ்பேனரை எடுத்து முந்தானையால தொடச்சா. தொடச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம் என் கையில வச்சு, என் விரலை அவளே மடக்கிவிட்டா. "இனிமே நீயே திருப்பிக்கடா சாமி. என்னைய நம்பாத"ன்னா. சரிக்கான்னு வாங்கிக்கிட்டேன்.